கண்ணாடி மூடி

"அப்பா, என் டிகிரி சர்டிபிகேட்டைக் குடுங்க." கேட்கவே கூடாது என்று அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டேன். வெளியூர் வேலைக்குப் போய்விடுவேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஜன்னல் வெயிலில், மூன்று மாதமாக அவர் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் பொம்மை விமானம் மினுங்குகிறது. விமானியின் தலைக்குமேல் கண்ணாடி மூடியை ஒட்டினால் முடிந்தது. "நம்ம வீட்டுல படிச்சதே நீ ஒருத்திதான். நீ போயிட்டா?" "பூட்டி வைக்கவாப்பா படிக்க வச்சீங்க?" சாவியை என் பக்கம் தள்ளுகிறார். அவருடைய கை வெள்ளைப் பசையை விட்டுவிட்டு சூப்பர் க்ளூவை எடுக்கிறது. அது கண்ணாடிக்கு ஆகாது என்று தெரிந்தும், கோபத்தில் வாயைத் திறக்காமல் பீரோவைத் திறக்கிறேன். திரும்புவதற்குள் பசையின் ஆவி பட்டுக் கண்ணாடி உள்ளே வெளுத்துவிட்டது. ஊசிமுனையால் அவர் கண் வரைந்த விமானி தெரியவில்லை. "ஐயோ, அப்பா..." "விடும்மா. அலமாரி மேல வச்சா தெரியாது." சர்டிபிகேட்டோடு படியிறங்குகிறேன்.