ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

கெல்சிக்கு இரண்டு பாத மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஞாயிறு மாலை கைபேசி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். கிளீவ்லாந்து கல்லூரியின் மூத்த மாணவன் டாரன். தேர்வானவர்களிடம் பேசிப் பேசிச் சேரவைப்பது அவன் பொறுப்பு.

"என்ன கெல்சி, இருமல் விட்டுச்சா?"

"பரவாயில்ல."

"இன்னிக்கும் டப்பா சூப்புதானா?"

"அதேதான்." சிரித்தாள்.

"சரி, எங்க காலேஜா, பிலடெல்பியாவா? இன்னுமா முடிவு பண்ணல?"

"ஒரே குழப்பமா இருக்கு டாரன்."

"அவங்க ரொம்ப நச்சரிக்கறாங்களோ?"

"ஆமா, விடாம கூப்பிடறாங்க."

"நான் மட்டும் விட்டுடுவேனா? அடுத்த ஞாயிறு பேசறேன்."

பிலடெல்பியா கல்லூரியின் பெயர் போட்ட பனியனோடு கெல்சி சூப்பைச் சுடவைக்கப் போனாள். சேருகிறேன் என்று அவர்களிடம் சொல்லி ஒரு மாதமாகிறது. அன்றோடு அங்கிருந்து அழைப்பும் நின்றுபோனது.