பக்கத்து வீட்டு ஜெபம்

பக்கத்து வீட்டுச் செல்வநாயகம் வாத்தியாரும் அவர் மகள் ஜெயக்கொடியும் பேசி ஒரு மாதம் ஆகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண் மதுரைக்குப் போய் நர்ஸ் படிக்கிறேன் என்றாள். "என் உசுரு இருக்கிறவரைக்கும் நடக்காது" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டார் மனிதர். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பேச்சுத்தான் இல்லை. ஏழு மணிக் குடும்ப ஜெபத்தில் சண்டை உண்டு. சுவர் மெலிசு, நான் என்ன செய்ய?

"கர்த்தாவே, இந்த வீட்டுப் பிடிவாதக்காரிக்குப் புத்தியைத் தாரும்."

"கர்த்தாவே, அவளைப் பெத்த பிடிவாதக்காரருக்கும் சேத்துத் தாரும்."

"ஆமென். சோறு ஆறுது, வாங்க" என்பாள் தாய் ஞானபூரணி.

போன சனிக்கிழமை வாத்தியார் போதகர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெயக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல டோஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவள் ஜெபித்தாள்.

"கர்த்தாவே, நேத்துப் பெய்த மழைக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் வாத்தியார். விருதுநகரில் மழைக்கு யார்தான் சொல்லமாட்டார்கள்?

"அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதுக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"நான் மதுரையில நர்ஸ் படிக்கக் கிருபை செய்யும்."

"ஆமென்!"

"ஏங்க, ஆமென் சொல்லிட்டீகளே!" என்றாள் ஞானபூரணி.

"ஆண்டவர்கிட்ட சொன்னதை மாத்தவா முடியும்? படிச்சுத் தொலையட்டும்."

வாத்தியார் ஏமாந்த கதையைச் சொல்லிச் சிரிக்க, போதகரின் மனைவியிடம் ஓடினேன். "ஐயா பிள்ளைக்கு நல்ல தந்திரம் சொல்லிக் குடுத்திருக்காகளே!"

"தந்திரம் அவுகளோடது இல்லைம்மா. சனிக்கிழமை வாத்தியார்தான் வந்து கெஞ்சினாரு. 'பிள்ளை மெலிஞ்சு போச்சு. தெருவே கேக்க முடியாதுன்னுட்டேன். நான் ஏமாந்து ஆமென் சொல்ற மாதிரி அவளுக்கு ஒரு ஜெபம் சொல்லிக் குடுங்கய்யா'ன்னு."