பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில்

"பாருங்கோ அண்ணை, ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி நிக்குது! நாளைக்கு ரேஸ். என்ரை எஞ்சினைச் சாகடிச்சுப்போட்டியளே!"

ஒயில் பார்க்கும் கம்பியை மெக்கானிக் விஜிதரனின் முகத்துக்கு நேரே நீட்டினான் சிவகரன்.

வழியெல்லாம் இருமிய தன் பழைய காரில், கிளிநொச்சியிலிருந்து ஜெயபுரத்துக்கு அடித்துப்பிடித்து வந்திருந்த விஜிதரன் கம்பியை வாங்கிப் பார்த்தான். நேற்று இதே முற்றத்தில்தான் அந்த ரேஸ் காருக்கு, எஞ்சின் ஒயிலை ஆறவைக்கும் கூலரை முன்னால் பூட்டி, ஃபில்டரை எஞ்சினிலிருந்து தள்ளிவைத்து, இரண்டுக்கும் ஹோஸ் இழுத்திருந்தான். இப்போது மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தான். எங்குமே கசிவில்லை.

"சிவா, தண்ணி கலந்தால்தான் ஒயில் இப்பிடி வெளுக்கும். இந்தக் கூலர் காத்திலை ஆறுறது. இதுக்குள்ளை தண்ணியே ஓடாது. ஆரோ ஊத்தியிருக்கினம்."

"ஓம், நான்தான் ஊத்தினனான்," என்றார் சிவகரனின் தகப்பன் சிற்றம்பலம்.

இருவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். மகன் ரேஸ் ஓடுவது பிடிக்காமல் மாதக்கணக்காக அவனோடு முகங்கொடுத்துப் பேசாதவர் அவர்.

"கூலர் எண்டால் தண்ணி விடத்தானே வேணும்? பிள்ளைக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு, நேற்று நீங்கள் வேலை முடிச்சுத் தேத்தண்ணி குடிக்கேக்கை, எஞ்சின் மூடியைத் திறந்து, போத்தலிலை இருந்த அம்மன் கோயில் தீர்த்தத்தை விட்டனான்."

சிவகரன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். விஜிதரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது.

"முழுப் போத்தலையுமோ, ஐயா?"

"இல்லைத் தம்பி, அரைவாசிதான். நீரும் பாவம், நாள் முழுக்க வெயிலுக்கை நிண்டனீர். மிச்சத்தை உம்மடை காரிலை, அதே மூடியைத் திறந்து ஊத்தினனான்."