எதிர்ப்பக்கம்

ஹாரன் சத்தம். கல்வி அதிகாரியின் ஜீப் வாசலுக்கே வந்துவிட்டது.

அறுபத்தெட்டுப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் தரை தெரிந்தது.

டீச்சர் சாக்பீஸை வைத்தாள்.

ஜூனில் பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடினார்கள். அதன் மூன்றாம் வகுப்பும் அவள் அறைக்கே வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். புத்தகங்கள் வரவில்லை.

ஒரு புத்தகத்துக்கு நாலு பேர். தரையில் விரித்து வைத்து, இந்தப் பக்கம் இரண்டு பேர், எதிர்ப்பக்கம் இரண்டு பேர்.

உள்ளூர்ப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். அவர்களுக்கு நேர்ப்பக்கம். வந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம். கரும்பலகைக்கு முதுகு.

அதிகாரியின் கையில் டீச்சர் எழுதிக் கொடுத்த பட்டியல். வாசிக்கத் தெரியாதவர்கள், பன்னிரண்டு பேர். அவர் கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து பின்னால் கொட்டகையில் தனி வகுப்பு. வருஷம் முழுக்க மறுபடி அ, ஆ.

"இசக்கி." அதிகாரி கூப்பிட்டார்.

சிறுமி மேஜைக்கு வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள். திக்கினாள். நின்றுவிட்டாள்.

போன வாரமும் இப்படித்தான். அதனால்தான் பட்டியலில் முதல் பெயர்.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

"அவ முட்டை சார்!" முன்வரிசையில் ஒரு குரல்.

இசக்கி திரும்பி முறைத்தாள்.

பிறகு புத்தகத்தை வெடுக்கென்று தலைகீழாகத் திருப்பினாள்.

வகுப்பே சிரித்தது.

அவள் வாசித்தாள். முற்றுப்புள்ளியில் மட்டும் மூச்சு வாங்கினாள். நரி கிணற்றில் விழுந்தது, ஆடு எட்டிப் பார்த்தது. பக்கம் முடிந்தது. தானே புரட்டினாள். நரி தப்பித்தது.

சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை.

டீச்சர் தரையைப் பார்த்தாள். விரித்தபடி கிடந்த புத்தகங்கள். பட்டியலின் பெயர்களை மனசுக்குள் ஒவ்வொன்றாக உட்காரவைத்தாள்.

பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் எதிர்ப்பக்கம்.

ஐந்து மாதம். அவள் கண்ணெதிரே.

அதிகாரியின் கையிலிருந்து பட்டியலை உருவினாள். அனுமதி கேட்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். ஜிப்பை இழுத்தாள்.

"என்ன டீச்சர் இது! புத்தகத்த நேரா பிடிக்கக்கூடத் தெரியல, இதுக்குப் போயி..."

அவள் வாய் திறப்பதற்குள் இசக்கி நிமிர்ந்தாள்.

"நேர்ப்பக்கம் எனக்கு என்னைக்கு சார் கெடைச்சுது?"