அட்டையில் இருந்த நம்பர்

"ஸ்விட்ச் போட்டாலே கரகரங்குது. பேட்டரி மாத்தியாச்சு, ஒயரும் மாத்தியாச்சு" என்று மெக்கானிக்கிடம் பொரிந்து தள்ளினேன்.

இரண்டு மருமகள்களுக்கும் மாமனார் ஒரே நாளில் வாங்கித் தந்த ஸ்டீரியோக்கள். அடுத்த அறையில் ஓரகத்தியின் செட் தேனாகப் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"நல்லதா பார்த்து அவளுக்குக் கொடுத்துட்டு, ஓட்டை செட்டை என் தலையில கட்டிட்டாரு!"

மெக்கானிக் செட்டைத் திருப்பி, என் வாரண்டி அட்டையைப் பார்த்தார்.

"அட்டையில இருக்கிற நம்பர் இந்த செட்டுல இல்லையேம்மா."

அதைக் கேட்டு ஓரகத்தி தன் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் அட்டையோடு ஒப்பிட்டாள். "அக்கா, உங்க நம்பர் என் செட்டுல இருக்கு! எப்படி மாறுச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்று கையை விரித்தேன்.

அவளுடையதுதான் உசத்தியாக இருக்கும் என்று, வாங்கி வந்த அன்றே யார் கண்ணிலும் படாமல் மாற்றி வைத்தவள் நான்தானே!