பேராசிரியர் சோதிநாதனின் மறைவு

பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியை ஆழ்வாப்பிள்ளை மூன்றாம் தடவையும் வாசித்தார். விண்வெளி விஞ்ஞானி பேராசிரியர் சோதிநாதன் வெள்ளிக்கிழமை இரவு காலமானாராம். நினைவுக் கூட்டம் இன்று நாலு மணிக்கு, சந்தைக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில்.

பருத்தித்துறையில் ஒருவர் செத்து, அது ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. ஓய்வுபெற்ற அதிபரான அவர் இந்தப் பதினொரு வருடத்தில் பேசாத செத்தவீடு இல்லை. 'அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது' என்று அவர் கம்மிய குரலில் சொன்ன பிறகுதான் பிரேதத்தையே தூக்குவார்கள்.

நோட்டீசிலும் ஏதோ இடித்தது. பிறந்த ஊரைக் காணவில்லை. மக்கள், மருமக்கள், பெறாமக்கள் என்று நீளும் வரிசையும் இல்லை. சொந்தக்காரர் எதையோ ஒளிக்கிறார்கள். தனக்குச் சொல்லாமல் ஒளித்தவன் மட்டும் தம்பிராசாவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சந்தேகம் வீண்போகவில்லை. மண்டபத்தின் முன்வரிசையில், மடிப்புக் கலையாத வேட்டியோடு தம்பிராசா குந்தியிருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர்; ஆறு மாதமாக அஞ்சலியுரையில் போட்டிக்கு இறங்கியிருப்பவர்.

"அண்ணை, உங்களுக்கும் சொன்னவையே?" என்று தம்பிராசா கேட்டார்.

"எனக்குச் சொல்லவேணுமே? நான் வீட்டு ஆள் மாதிரியெல்லே."

மாலை போட்ட படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. முப்பது நாற்பது இளசுகள் இருந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மனுசி கூட இல்லை. 'கட்டினவளும் வரேல்லை,' என்று ஆழ்வாப்பிள்ளை குறித்துக்கொண்டார்.

கிருஷாந் என்ற பொடியன் மைக்கைப் பிடித்தான். "பேராசிரியர் செத்ததை என்னாலை ஏற்க முடியேல்லை. ஆரோ வெளியாலை நிண்டுதான் அந்தக் கதவைப் பூட்டினது. ஆர் எண்டு ஏன் கடைசி வரைக்கும் காட்டேல்லை?"

அடுத்து வந்த கோபிகாவின் கண் கலங்கியிருந்தது. "அவரைச் சாகடிக்கத் தேவையே இல்லை. இன்னும் ரண்டு வருசமெண்டாலும் வைச்சிருந்திருக்கலாம். அவசரப்பட்டு முடிச்சுப்போட்டாங்கள்."

கைதட்டல் எழுந்தது. ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்து குந்தினார். இது கொலை!

இறங்கி வந்த கோபிகாவை மெல்லக் கூப்பிட்டார். "பிள்ளை, அந்தியேட்டிக்குச் சாம்பல் கரைக்கிறது கீரிமலையிலையோ?"

"உடம்பே கிடைக்கேல்லை, சேர்."

"பொலிசிலை சொன்னனீங்களோ?"

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவங்கள் என்ன சேர் செய்யிறது?"

ஓ, பெரிய இடத்து விசயம். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பிராசா மேடையில் ஏறிவிட்டார்.

"சோதிநாதனும் நானும் ஒரே வாங்கிலை இருந்து படிச்சனாங்கள். என்னைக் கேட்டுத்தான் அவர் விஞ்ஞானமே எடுத்தவர்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பச்சைப் பொய் என்று ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரியும். நேற்று முளைத்த தம்பிராசாவுக்கு எங்கே பேராசிரியர் சிநேகிதம்? ஆனால் அதைச் சொல்லப் போனால், 'அப்ப உமக்கு அவரைத் தெரியுமோ?' என்ற கேள்வி வரும். தெரியும் என்பதைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும்.

அவர் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். குரல் தானாகவே கம்மியது.

"ஒரே வாங்கிலை இருந்தவையைப் பற்றி நான் கதைக்க வரேல்லை. போன மாசம் சோதிநாதன் என்ரை வீட்டை வந்தவர். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டிட்டு, என்ரை கையைப் பிடிச்சு அழுதவர். 'அண்ணை, என்னைக் கொல்லப்போறாங்கள்' எண்டு சொன்னவர். இண்டைக்கு வரைக்கும் அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை!"

தம்பிராசாவின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்து ஆழ்வாப்பிள்ளையின் நெஞ்சு குளிர்ந்தது.

பின்வரிசையில் நாலைந்து கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. கோபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"சேர், உது எத்தினையாவது எபிசோட்?"