முருகேஷுக்குக் கிடைத்த தண்டனை

லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்ட ஏட்டு முருகேஷை, தண்டனை என்று சொல்லி அவருடைய சொந்த ஊர் ஸ்டேஷனுக்கே மாற்றிவிட்டார்கள். பொண்டாட்டி கையால் மூன்று வேளையும் சுடுசோறு, இதுவா தண்டனை? ஒரு டீக்குக்கூடக் கை நீட்டாத ஏட்டு திருமாலுக்கு வயிறு எரிந்தது. சொந்த ஊரான இண்டூருக்கு மாறுதல் கேட்டு வருஷக்கணக்காக நடையாய் நடக்கிறார்.

அடுத்த மாதமே திருமால் மேலும் லஞ்சப் புகார் வந்தது. அதிகாரி கூப்பிட்டார்.

"யாரோ போன்ல உளறியிருக்காங்க. சுத்தப் பொய்னு மேல எழுதிட்டேன்யா. உன்ன மாதிரி நேர்மையான ஆள விடுவேனா? ரிட்டயர் ஆகற வரைக்கும் நீ இங்கதான்."

திருமால் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்து, மனைவிக்குப் போன் போட்டார்.

"சசி, அவரு நம்பல. குரல மாத்தி இன்னொருவாட்டி பேசு. முருகேஷ விட நான் ஜாஸ்தி வாங்கறேன்னு சொல்லு."